இங்கிலாந்தில் படிக்கும்போது பதற்றம்: முதலில் யாரிடம் போவது?

இங்கிலாந்துக்கு ஓராண்டு மாஸ்டர்ஸ் படிக்க வரும் நம் பிள்ளைகள் பலருக்கு அக்டோபர் கடைசியில் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதன் பிறகு நாலரை மணிக்கே இருட்டிவிடும். முதல் அசைன்மென்ட் தலைக்கு மேல் நிற்கும், பகுதி நேர வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் வந்திருக்காது, வீட்டுப் பத்திரம் ஊரில் வங்கியில் இருக்கும். இதெல்லாம் பகலில் தெரியாது. ராத்திரி மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு விழிப்பு வரும்போதுதான் தெரியும்.

யாரிடம் போவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கல்லூரி கவுன்சலிங்குக்குப் போ என்பார்கள் சிலர். ஜிபியை, அதாவது நம் பகுதிக்கான பொது மருத்துவரைப் பார், அதற்குத்தானே காசு கட்டியிருக்கிறாய் என்பார்கள். ஆங்கிலத்தில் மனசு விட்டுப் பேச முடியாது, சென்னையில் இருக்கும் தமிழ் கவுன்சலரை ஆன்லைனில் பிடி என்பார்கள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: கிளம்பி வந்துடு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் எது சிறந்தது என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட, எது தாமதமாகக் கிடைக்கும் என்று பார்ப்பது உபயோகம். தாமதமாகக் கிடைப்பதற்கு இன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டு, சீக்கிரம் கிடைப்பதை வைத்து நடுவில் உள்ள வாரங்களை ஓட்ட வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். எல்லாவற்றையும் தானே சமாளித்துப் பார்த்து, முடியாத கட்டத்தில் போய் மிக நீளமான வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள்.

ஒப்பீட்டுக்குள் போகும் முன் ஒன்று. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் இந்தக் கட்டுரையை மேலே படிக்க வேண்டாம். 111-க்கு அழைத்து 2-ஐ அழுத்துங்கள், மனநல நெருக்கடிப் பிரிவு வரும், 24 மணி நேரமும். உடனடி ஆபத்து என்றால் 999. வெறுமனே ஒரு மனிதக் குரல் வேண்டும் என்றால் சமாரிட்டன்ஸ், 116 123, கட்டணமில்லை. பேச வாய் வராவிட்டால் 85258-க்கு SHOUT என்று குறுஞ்செய்தி அனுப்பலாம்.

கல்லூரி கவுன்சலிங்

ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு, இலவசம். பல இடங்களில் நான்கு முதல் ஆறு அமர்வு வரை தருவார்கள். இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினால் முதலில் அரை மணி நேரம் ஒருவர் பேசி, என்ன தேவை என்று பார்த்து, அதற்கேற்ப அனுப்புவார். செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இடம் சீக்கிரம் கிடைக்கும். நவம்பரிலும் தேர்வுக்கு முன்னாலும் வரிசை நீளும்.

இதன் பெரிய பலம், அங்கே இருப்பவர்களுக்கு வெளிநாட்டு மாணவர் என்றால் என்ன என்று தெரியும். வாரம் 20 மணி நேர வேலை வரம்பு, வருகைப்பதிவு, ஸ்பான்சர் (விசாவுக்குப் பொறுப்பேற்கும் பல்கலைக்கழகம்) எல்லாம் அவர்களுக்குப் புதிய கதை இல்லை. பலவீனம், ஆறு அமர்வு. ஆறு அமர்வில் ஒரு சிக்கலை அடையாளம் காணலாம், ஒன்றிரண்டு உத்திகளைக் கற்றுக்கொள்ளலாம். ஐந்து வருடமாக உள்ள பதற்றம் அதில் தீராது. வந்த இடத்தில் புதிதாக வந்த பதற்றத்துக்கு இது பெரும்பாலும் போதும்.

கவுன்சலிங் போனால் விசாவுக்குப் பிரச்சினை வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கவுன்சலரைப் பார்த்ததற்காக விசா போகாது. வகுப்புக்குப் போகாமல், பதில் சொல்லாமல் அறைக்குள் கிடந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் மாணவர் படிப்பில் ஈடுபடுகிறாரா என்று கண்காணிப்பது ஸ்பான்சராகிய பல்கலைக்கழகத்தின் கடமை. வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களா என்பது அடுத்த கேள்வி. 18 வயது தாண்டியவரின் சம்மதம் இல்லாமல் பெற்றோரிடம் பேச மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்று அவர்கள் கருதினால் மட்டும் விதிவிலக்கு.

ஜிபி, என்எச்எஸ்

இதில்தான் நம்மவர்கள் அதிகம் இழக்கிறார்கள். மாணவர் விசா எடுக்கும்போதே என்எச்எஸ் என்னும் அரசு மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு என்ற கணக்கில் சுகாதாரக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓராண்டு மாஸ்டர்ஸுக்குப் படிப்புக்குப் பிந்தைய மாதங்களையும் சேர்த்து 1,164 பவுண்டு வரும். ஒன்றேகால் லட்ச ரூபாய்க்கு மேல். அவ்வளவு கட்டிவிட்டு, ஜிபியிடம் பதிவே செய்யாமல் வருடத்தை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். பதிவு செய்ய முகவரிச் சான்று கட்டாயமில்லை, விசா காட்ட வேண்டியதும் இல்லை. படிவம் நிரப்பினால் போதும். வந்த முதல் வாரத்தில், வங்கிக் கணக்கு திறக்கும் அலைச்சலோடு இதையும் முடித்துவிட வேண்டும்.

பதிவு இருந்தால் இரண்டு வழி திறக்கிறது. ஒன்று ஜிபியையே பார்ப்பது. காலை எட்டு மணிக்கு போன் போட்டு, வரிசையில் நீங்கள் பதினேழாவது என்று இயந்திரம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பல் தேய்ப்பது இந்த ஊர் அனுபவங்களில் ஒன்று. இப்போது பெரும்பாலான இடங்களில் இணையப் படிவமும் இருக்கிறது, அதில் நிதானமாக எழுதலாம். அப்படி எழுதும்போது ஒரு விஷயம். 'தலை பாரம், வயிறு சரியில்லை, களைப்பு' என்று மட்டும் எழுதினால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தப்பில்லை, தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும், பார்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் வாரத்தில் எத்தனை ராத்திரி தூங்கவில்லை, எத்தனை வகுப்பு போகவில்லை, எவ்வளவு நாளாக இப்படி என்பதையும் சேர்த்து எழுதினால்தான் விஷயம் பிடிபடும். ஆங்கிலம் தடை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், போனில் இணைப்பார்கள், அதற்குக் காசு கிடையாது.

இரண்டாவது, ஜிபியைப் பார்க்காமலே போகக்கூடிய வழி. என்எச்எஸ் டாக்கிங் தெரபீஸ் என்று பெயர், 2008-இல் வேறு பெயரில் தொடங்கியது. ஜிபியிடம் பதிவு செய்திருந்தால் நீங்களே இணையத்தில் பெயர் கொடுக்கலாம். பதற்றத்துக்கு முறையான சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) இங்கே இலவசமாகக் கிடைக்கும். 75 சதவீதம் பேருக்கு ஆறு வாரத்துக்குள்ளும் 95 சதவீதம் பேருக்கு 18 வாரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் இலக்கு. முதல் சந்திப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவே இன்னொரு காத்திருப்பு வரும் ஊர்களும் உண்டு. அதனால்தான் இந்த வரிசையில் முதலில் பெயர் கொடுங்கள் என்கிறேன். கூப்பிடும் நேரத்தில் எல்லாம் சரியாகியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இந்தச் சேவை உங்கள் ஜிபி இருக்கும் பகுதியோடு கட்டப்பட்டது. டிசர்ட்டேஷன் (ஆய்வுக் கட்டுரை) எழுதும் காலத்தில் வேலைக்காக லெஸ்டரை விட்டு லண்டனுக்குக் குடிபோனால் பெரும்பாலும் வரிசையை முதலிலிருந்து பிடிக்க வேண்டும்.

பெயர் கொடுத்ததும் ஏழு கேள்வி கொண்ட ஒரு தாள் வரும், ஜிஏடி-7 என்பார்கள். கடந்த இரண்டு வாரத்தில் பதற்றமாக இருந்ததா, கவலையை நிறுத்த முடியவில்லையா, உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியவில்லையா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை எண் கொண்ட நான்கு பதில்: இல்லவே இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், கிட்டத்தட்ட தினமும். மொத்தம் 21. பத்தைத் தொட்டால் மிதமானது, பதினைந்தைத் தொட்டால் கடுமையானது. ஒரு தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து இதை நிரப்பினான். பத்து நாளாகச் சரியாகத் தூங்காதவன், முகம் ஒட்டிப்போய் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் 'சில நாட்கள்' என்றே தட்டிக்கொண்டு போகிறான். என்னடா என்றால், 'அதிகமா போட்டா ஓவரா தெரியும்ணா' என்கிறான். வந்திருக்க வேண்டிய எண்ணிக்கை பதினாறோ பதினேழோ, வந்தது ஏழு. ஏழு என்றால் இலேசான பதற்றம், அவர்கள் கணக்கில் சிகிச்சைக்கான கோட்டுக்கும் கீழே. மறுபடி உட்கார வைத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டியிருந்தது. அடக்கம் நல்ல குணம்தான், ஆனால் இந்தத் தாளில் வேண்டாம்.

மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். ஜிபி மருந்து பேசினால் பெரும்பாலும் செர்ட்ராலின் போன்ற ஒன்றாக இருக்கும். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், முதல் ஒன்றிரண்டு வாரத்தில் பதற்றம் கொஞ்சம் கூடுவதும் உண்டு, நாமாக நிறுத்தக் கூடாது. தேர்வு வாரத்தில் ஆரம்பிக்க ஏற்ற மருந்து இல்லை என்பது இதிலிருந்தே தெரியும். இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இலவசம்.

ஊரிலிருந்து அல்பிரசோலம், குளோனசெபாம் பட்டைகளைப் பெட்டியில் போட்டு அனுப்பும் வீடுகள் இருக்கின்றன. அவை இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மூன்று மாதத்துக்குக் குறைவான அளவை, மருத்துவர் கடிதத்தோடு, சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரலாம். தீர்ந்த பிறகு இந்தியச் சீட்டைக் காட்டி இங்கே வாங்க முடியாது. ஜிபியும் இந்த வகை மருந்தை எளிதில் எழுத மாட்டார், பழக்கமாகிவிடும் என்பதால் நெருக்கடியில் சில நாளுக்கு மட்டும்தான். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் வந்தவுடன் ஜிபியிடம் சொல்லிவிடுங்கள். திடீரென நிறுத்துவது ஆபத்து. அறைத்தோழனின் பட்டையிலிருந்து ஒன்றை வாங்கிப் போடுவது, சொல்லவே வேண்டாம்.

ஊரிலிருந்து தமிழில்

இதைக் குறைத்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 'அண்ணி முன்னாடி அப்பா அப்படிச் சொல்லிட்டார்' என்று ஒரு வரி சொன்னால் மதுரையில் இருக்கும் கவுன்சலருக்கு முழுப் படமும் தெரிந்துவிடும். லீட்ஸில் இருப்பவருக்கு அண்ணி யார், அவர் முன்னால் சொன்னால் ஏன் சுருக்கென்று தைக்கும் என்று விளக்குவதற்குள் ஐம்பது நிமிடம் முடிந்திருக்கும். கடன், கல்யாணப் பேச்சு, அக்காவுக்கு முன்னால் தனக்குச் செலவழித்துவிட்டார்களே என்ற உறுத்தல் இவைதான் பதற்றத்தின் வேர் என்றால் தமிழில் பேசுவதே மேல்.

கட்டணம் ஓர் அமர்வுக்குப் பொதுவாக 1,000 முதல் 2,000 ரூபாய். இங்கே தனியாரிடம் போனால் லண்டனுக்கு வெளியிலேயே 50, 60 பவுண்டு சாதாரணம், அதனால் அந்த ஒப்பீட்டில் பேச்சே இல்லை. நேரம்தான் கொஞ்சம் இடிக்கும். குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேர வித்தியாசம், வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு உட்கார்ந்தால் அங்கே இரவு பதினொன்றரை. காலை ஒன்பது மணியே வசதி. ஒரே வீட்டில் ஆறு பேர் இருக்கும் இடத்தில் தமிழில் அழுதுகொண்டு பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு தமிழனுக்குக் கேட்கும் என்பதும் உண்மைதான். நூலகத்தில் முன்பதிவு செய்யும் சின்ன அறைகள் இதற்கு உதவும்.

ஆள் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவுன்சலர் என்று பலகை மாட்ட இந்தியாவில் தனித் தகுதி தேவையில்லை, இங்கிலாந்திலும் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேட்கலாம். இங்கே தனியாரிடம் போவதானால் பிஏசிபி என்னும் கவுன்சலர் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பார்க்கலாம்.

குறைகள் மூன்று. அவர் எழுதும் மருந்துச் சீட்டு இங்கே செல்லாது. நள்ளிரவில் நிலைமை மோசமானால் அவரால் ஆள் அனுப்ப முடியாது. அப்புறம், கல்லூரிக்குச் சான்று வேண்டுமென்றால் அவர் கடிதத்தை ஏற்பார்களா என்பது அந்தந்தக் கல்லூரியைப் பொறுத்தது. அதனால் தமிழ் கவுன்சலர் இருந்தாலும் ஜிபி பதிவு வேண்டும்.

பேச்சே தேவைப்படாத பதற்றம்

கவுன்சலிங் தேடி வருபவர்களில் கணிசமானவர்களின் பதற்றத்துக்கு ஒரு தேதி இருக்கும். 14-ஆம் தேதி கொடுக்க வேண்டிய 3,000 சொல் கட்டுரை, 19-ஆம் தேதி கட்ட வேண்டிய தவணை. இவர்களை மூச்சுப் பயிற்சிக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் தேதியைத் தள்ளிப் போட வேண்டும்.

அதற்கு ஏற்பாடு இருக்கிறது. மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்ஸஸ் என்று சில கல்லூரியில், எக்ஸ்டென்யுவேட்டிங் என்று சிலவற்றில். பெயர் எதுவானாலும் படிவம் ஒன்றுதான்: உடம்போ மனமோ சரியில்லை, அவகாசம் வேண்டும். சில நாள் அவகாசத்துக்குச் சான்றே கேட்காத பல்கலைக்கழகங்களும் உள்ளன. கெடு தேதிக்கு முன்னால் கேட்டால் எளிது, பின்னால் கேட்டால் இழுபறி. நம் ஊர்க் கல்லூரியில் இப்படிக் கேட்டால் எச்ஓடி முன்னால் போய் நிற்க வேண்டும் என்ற பழைய பயத்தில் பலர் இந்தப் படிவத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. இங்கே யார் முன்னாலும் நிற்க வேண்டாம். பர்சனல் டியூட்டருக்கு (உங்களுக்கென்று ஒதுக்கிய ஆசிரியருக்கு) ஒரு மின்னஞ்சல், அவரே வழி சொல்வார்.

பதற்றம் ஓராண்டோ அதற்கு மேலோ இருக்கிறது, அல்லது அவ்வளவு நாள் நீடிக்கும் என்றால், 2010 சமத்துவச் சட்டப்படி அது ஊனம் என்ற வரையறைக்குள் வரலாம். வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்தும். தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை, எல்லார் முன்னாலும் பேசுவதற்குப் பதில் பதிவுசெய்து கொடுப்பது போன்றவற்றைக் கல்லூரியின் டிசெபிலிட்டி பிரிவு ஏற்பாடு செய்யும். அந்தப் பெயரைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம், பட்டச் சான்றிதழில் எதுவும் வராது.

பணப் பதற்றத்துக்கு மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையம் கவுன்சலரைவிட உபயோகம். அவசர நிதி, தவணை மாற்றம், வீட்டு உரிமையாளர் தகராறு எல்லாம் அங்கே பேசலாம். வேலை மணிக்கணக்கை மீறிவிட்டு அந்தப் பயத்தில் தூக்கம் வராதவர்களும் முதலில் அங்கே போவது நல்லது. படிப்பு முடிந்து தங்கும் விசா 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. இந்த மாதிரிக் கவலைகளுக்குச் சரியான தகவலே பாதி மருந்து, வாட்ஸ்அப் குழுவில் வருவது தகவல் ஆகாது.

தியானச் செயலிகள், நடைப்பயிற்சி, காபியைக் குறைப்பது, குளிர்காலத்தில் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி: எல்லாம் நல்லது, எதுவும் மேலே சொன்னவற்றுக்கு மாற்று இல்லை.

கிளம்பி வந்துடு

இதில் இரண்டு விதம். டிசம்பர் விடுமுறையில் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வருவது ஒன்று. டிக்கெட் விலை கொள்ளை, ஜனவரியில் தேர்வோ அசைன்மென்ட்டோ இருக்கும், ஆனாலும் அம்மா கையால் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தவர்கள் பலர் இரண்டாம் செமஸ்டரை நன்றாகவே முடித்திருக்கிறார்கள். முடிந்தால் போகலாம் என்பேன், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு. கோடையில் இந்தச் சலுகை கிடையாது. மாஸ்டர்ஸ் மாணவருக்கு டிசர்ட்டேஷன் மாதங்கள் விடுமுறைக் கணக்கில் வராது, அனுமதி வாங்கித்தான் போக வேண்டும்.

படிப்பையே நிறுத்தி வைத்துவிட்டுப் போவது மற்றொன்று. இது சும்மா ஒரு இடைவெளி போலத் தோன்றும், ஆனால் விசா கணக்கு வேறு. 60 நாளுக்குள் திரும்பி, குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியும் என்றால் பல்கலைக்கழகம் ஸ்பான்சரைத் தொடர வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டினால் பொதுவாக ஸ்பான்சரை விலக்கி உள்துறைக்குத் தெரிவிப்பார்கள், விசா குறைக்கப்படும். திரும்பி வர புது சிஏஎஸ் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி), புது விசா, சுகாதாரக் கட்டணம் மறுபடியும். கல்விக் கடன் கொடுத்த வங்கிக்கும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தவணை தொடங்கும் தேதி பழைய கணக்கிலேயே ஓடும்.

இவ்வளவும் இருந்தும் சிலருக்கு இதுதான் சரியான முடிவு. சாப்பிட முடியவில்லை, வாரக்கணக்கில் அறையை விட்டு வர முடியவில்லை, எடுத்த மருந்தும் இன்னும் பிடிக்கவில்லை என்றால் பட்டத்தைவிட ஆள் முக்கியம். அப்போதும் பரபரவென்று விமானம் ஏறுவதைவிட, முதலில் இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு எழுதி, எந்தத் தேதியிலிருந்து நிறுத்துகிறார்கள், எப்போது திரும்பலாம், கட்டிய கட்டணத்தில் எவ்வளவு அடுத்த ஆண்டுக்கு வரும் என்பதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிக் கிளம்பினால், அடுத்த செப்டம்பரில் பதில் சொல்ல அந்த ஆள் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் இந்த நாட்கள் சுலபமாக இருக்காது. பிள்ளை போன் எடுக்காத ராத்திரிகளில் அவர்களுக்கும் பேச ஆள் வேண்டும். இந்தியாவுக்குள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம்.